கடம்பாவுக்கு லைனிங் வேண்டாம்

என் கணவர் பரோட்டா மாஸ்டர். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் மொய்க்கும் ஒரு சின்னக் கடையில் வேலை. வீடு திருக்கழுக்குன்றத்தில். கடை அடைத்தபின் ரயிலும் பஸ்ஸும் பிடித்து வீடு வந்து சேர முடியாது என்பதால் அங்கேயே மாடியில் படுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை லீவுக்கு மட்டும் வருவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் புருஷன் என்றால் வாரத்தில் ஒருநாள் வருகிற விருந்தாளி. கறி எடுப்பேன், பேசுவோம், சிரிப்போம், மறுநாள் பஸ் ஏற்றி விடுவேன். சண்டை போட எங்களுக்கு நேரமே இருந்ததில்லை.

கார்த்திகை மழையில் செங்கல்பட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, சேற்றில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது தை பிறந்துவிட்டது. எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. கைதான் மடங்கவில்லை.

பரோட்டாவில் மாவு பிசைய ஆள் உண்டு, உருண்டை பிடிக்க ஆள் உண்டு. வீச்சு மட்டும் மாஸ்டருடையது. உள்ளங்கை அளவு மாவை எண்ணெய்க் கல்லில் அடித்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அது பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு மெலிந்து விரிய வேண்டும். அந்தச் சுண்டு போய்விட்டால் மாஸ்டர் இல்லை. கடை முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர். "பெரிய லீவு முடிஞ்சி காலேஜ் தொறக்கற வரிக்கும் வேற ஆள வெச்சி ஓட்டிக்கறேன் மாஸ்டர். அதுக்கப்புறமும் கை வரலன்னா இன்னா, கல்லாவுல குந்திக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இவர் அதைக் கேட்டுக்கொண்டு, அவர் போகிறவரை சிரித்தபடி இருந்து, போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அப்போது எனக்குத் தெரிந்துபோனது. இந்தக் கை திரும்பவில்லை என்றால் என் மனுஷன் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஆனால் நான் பஸ் ஏற்றி விட்ட அந்த ஆள் வர மாட்டார்.

செங்கல்பட்டில் பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, நாள் முழுக்கப் பிசையச் சொல்லியிருந்தாள். நான் பார்க்கும்போது பிசைவார். பார்க்காதபோது பந்து கட்டிலுக்கடியில் கிடக்கும். சோற்றை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். இடது கையால் சாப்பிடுவதை நான்கூடப் பார்க்கக் கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும். பெரும்பாலும் ஆத்திரம்தான் முதலில் வரும்.

நான் பிளவுஸ் தைக்கிறேன். வீட்டின் முன்னறைதான் என் கடை. அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும். மாசி, முகூர்த்த மாதம். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் தெருவில் போய் நிற்பான்? ஒருநாள் காலையில் அப்படி வெளியேறியவர் திரும்பி வரவேயில்லை. மதியத்துக்கு மேல் வந்து, "மாபல்லபுரம் பஸ்ஸு வந்திச்சி, ஏறிட்டேன்" என்றார். மறுநாளும் ஏறினார். அதற்கடுத்த நாளும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அலை ஊரைத் தின்றுவிடாமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். அதன் நுனியில் நின்று கேளம்பாக்கத்திலிருந்து ஒருவர் விடியற்காலையில் தூண்டில் போடுவார். கண்ணாடி போட்டவர், கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் போவதற்கு முன்னால் கடம்பா பிடித்துவிட்டுப் போகிற ஆள். கடம்பா என்றால் கணவாய்தான், எங்கள் பக்கத்துப் பெயர். கடம்பாவுக்குப் புழுவும் வேண்டாம், மீன் துண்டும் வேண்டாம். இறால் உருவத்தில் ஒரு பொம்மை போதும். அதை எறிந்து, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்து, விட்டுவிட வேண்டும். அது மெல்ல முங்கும்போது கடம்பா வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

இவர் தினமும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கண்ணாடிக்காரர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் பாறையில் உரசி ஒரு பொம்மை இறாலின் துணி கிழிந்துவிட, இவர் சட்டென்று, "என் பொஞ்சாதி டைலரு சார். குடுங்க, புதுசாட்டம் பண்ணிக் குடுத்துருவா" என்று வாங்கி வந்துவிட்டார். கூடவே அவரிடமிருந்த பழைய தூண்டில் கம்பு ஒன்றையும்.

அந்த இறாலைத் தையல் மிஷின் மேல் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விரல் நீளம். நெஞ்சுக்கடியில் ஒரு ஈயத் துண்டு, வாலில் பூ விரிந்த மாதிரி வட்டமாக ஊசிகள், பக்கத்தில் இரண்டு இறகு, கண்கூட உண்டு. உடம்பு முழுக்கத் துணி. தையல் வயிற்றுப் பக்கம் ஒளிந்திருந்தது. தைத்தவன் கெட்டிக்காரன்.

"இதுக்கு இன்னா கலரு போடட்டும்?" என்றேன்.

"கடம்பாவக் கேட்டா தெரியும்" என்றார். கட்டுப் பிரித்ததிலிருந்து அவர் செய்த முதல் கேலி அது. அந்த ஒரு கேலிக்காக நூறு இறாலுக்கு வேண்டுமானாலும் நான் சட்டை தைத்திருப்பேன்.

கண்ணாடிக்காரர் இன்னும் சில பழைய இறால்களைக் கொடுத்தனுப்பினார். என்னிடம் துண்டுத் துணிக்குப் பஞ்சமா? ராணி பிங்க், கிளிப்பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ஆனந்தா ப்ளூ. ஒன்றுக்கு முதுகில் ஜரிகைகூட வைத்தேன். கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கிற கவனத்தோடு தைத்தேன். புதுத்துணி என்பதால் வழக்கம்போல ஓரத்தில் மஞ்சள் தடவினேன். கடம்பா பிடிக்கிற பொம்மையாக இருந்தால் என்ன, புதுசு புதுசுதானே. அவர் எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார்.

திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"உன் இறாலு மெதக்குது."

"இன்னாது?"

"தண்ணிக்குள்ள போவ மாட்டேங்குது. ஒருக்களிச்சிப் படுத்துக்கினு அலை மேல ஊர்கோலம் வருது. அந்த சாரு வுயுந்து வுயுந்து சிரிக்கறாரு."

நான் நம்பவில்லை. பின்கட்டில் இருந்த தண்ணீர் டிரம்மில் ஒன்றைப் போட்டேன். மிதந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிக்கொண்டே போனது. மஞ்சளும் சாயமும் கரைந்து தண்ணீர் வேறு ரசம் ஆகிவிட்டது. பிறகுதான் உறைத்தது. நான் அதற்கு லைனிங் கொடுத்திருந்தேன். எந்தப் பிளவுஸுக்கும் லைனிங் இல்லாமல் தைத்து எனக்குப் பழக்கமில்லை. கை தானாகவே உள்ளே ஒரு துணி வைத்துவிட்டது. இரண்டு துணிக்கு நடுவில் காற்று புகுந்து உட்கார்ந்துகொண்டது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். டிரம்முக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் சிரித்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து டிரம்தான் எனக்கு டிரையல் ரூம். லைனிங்கைப் பிரித்தேன். கண்ணாடிக்காரர் போனில் விளக்கினார்: "கலர் முக்கியந்தான் அக்கா. தண்ணி கலங்கலா இருந்தா ஆரஞ்சு, பிங்க். தெளிவா இருந்தா பச்சை, பழுப்பு. ஆனா எல்லாத்துக்கும் மேல எறங்கற விதம். மூக்கு கீழ, வால் மேல, அலட்டாம எறங்கணும்." நேராக வெட்டிய துணி இறாலின் வளைவில் சுருக்கம் விழுந்தது. சுருக்கம் இருந்தால் இறால் சுற்றியது. கிராஸ் கட்டிங் பிளவுஸுக்கு வெட்டுவதுபோல் துணியைக் குறுக்காக வெட்டி இழுத்துத் தைத்தேன். தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. டிரம்மில் விட்டால் தலை குனிந்து மரியாதையாக இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனாலும் அவர் வெறும் கையோடுதான் வந்தார். கண்ணாடிக்காரருக்கு என் இறாலிலேயே விழுந்தது; இவருக்கு விழவில்லை. "கடம்பாவுக்கும் என்னப் புடிக்கல" என்று சொல்லிவிட்டு ஸ்பூனோடு சுவர்ப்பக்கம் திரும்பினார். மறுபடி பழைய ஆள் ஆகிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது. கலரை மாற்றினேன். வெங்காயக் கலர், இலைப்பச்சை, கறுப்பு முதுகு வெள்ளை வயிறு. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பார்த்துவிடுவோம் என்று தைக்க வேண்டிய பிளவுஸ்களை அப்படியே போட்டுவிட்டு நானும் அவரோடு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கற்களின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். கண்ணாடிக்காரர் முன்பே வந்திருந்தார். இவர் கம்பை எடுத்து, இறாலைக் கட்டி, எறிந்தார்.

இடது கையால் எறிந்தார்.

வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. நூல் சுற்றும்போது மட்டும் ஒப்புக்கு வந்து கைப்பிடியைத் தொட்டது. இடது கையால் அவர் இழுத்த இழுப்பில் தோள், முழங்கை எல்லாம் சேர்ந்து வந்தது. டிரைவர் பிரேக் போட்டால் பஸ்ஸே குலுங்குமே, அப்படிக் குலுங்கியிருக்கும் அந்த இறால். கடம்பா எங்கே வரும்? கண்ணாடிக்காரர் இழுப்பதைப் பார்த்தேன். கை அசையவேயில்லை. மணிக்கட்டு மட்டும் இரண்டு சுண்டு. அந்தச் சுண்டு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பொத்தேரிக் கடைக்குப் போய் ஓரமாக நின்று, வாய் பிளந்து பார்த்த சுண்டு.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கண்ணாடிக்காரர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"யோவ், இதுக்கா நான் கண்ணு வலிக்க ஊசி கோத்துக்கினு கெடந்தேன்? சோறு அந்தக் கை, தூண்டிலு அந்தக் கை. அப்ப இந்தக் கைய இன்னாத்துக்கு வெச்சிருக்க? வலிக்கிதுன்னா வலிக்கிதுன்னு சொல்லு, வேற டாக்டரப் பாக்கலாம்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வலி இல்ல. பயமா கீது."

"இன்னா பயம்?"

"சுண்டிப் பாத்து வரலன்னா? பாக்காத வரிக்கும் வரும்னு நெனச்சிக்கினு இருக்கலாமில்ல."

கண்ணாடிக்காரர் ரொம்ப அக்கறையாகத் தன் நூலில் இல்லாத சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

இதுவரை நான் இறாலைக் கடம்பாவுக்காகத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் கைக்காக ஒன்றைத் தேட வேண்டும் என்று தோன்றியது. கனமானது இழுத்தால் பயம் கூடும். இருப்பதிலேயே சின்ன இறாலை எடுத்தேன். அதன் ஈயத்தையும் படிக்கல்லில் தேய்த்துக் குறைத்தேன். கொஞ்சம் தேய்ப்பேன், டிரம்மில் விட்டுப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். இன்னும் தேய்த்தால் மிதந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்தினேன். அதற்குத் துணியும் லேசாக வேண்டும். பட்டு கனம், பாலியஸ்டர் வழுக்கும், புதுப் பருத்தியில் கஞ்சி. தேடித் தேடிக் கடைசியில் அவருடைய பழைய லுங்கியில் கை வைத்தேன். கட்டம் போட்டது, துவைத்துத் துவைத்துச் சாயம் போகிற வரை போய், வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது. குறுக்கே வெட்டி ஒற்றைத் துணியாகத் தைத்தேன். லுங்கி கட்டிய இறால். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் டிரம்மில் அது இறங்கிய அழகு இருக்கிறதே, காய்ந்த இலை கிணற்றில் இறங்குகிற நிதானம்.

மறுநாள் நானும் போனேன். லுங்கியைப் பார்த்து, "இன்னாடி இது, என் மானத்த வாங்கறதுக்குன்னே தெச்சியா?" என்றார். அதை நூலில் கட்டி, இடது கையால் வீசினார். அது அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி வீசினார். இன்னும் பக்கத்தில் விழுந்தது. நான் யோசித்திராத ஒன்று அங்கே நடந்தது. கனமான இறாலைத் தோளின் பலத்தில் தள்ளிவிடலாம். இந்த லேசுப் பயலைத் தோளால் தள்ள முடியாது. மணிக்கட்டால் கம்பின் நுனியைச் சுண்டினால்தான் அது பறக்கும். இடது கைக்கு அந்தச் சுண்டு தெரியாது.

அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். மறுபடி எறிந்தார். நூல் சிக்கியது. பிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம், யாரிடமும் சொல்லாமல், கம்பு இடது கையிலிருந்து வலது கைக்குப் போனது.

முதல் சுண்டில் ஒன்றுமில்லை. அடுத்ததில் லுங்கி இறால் பறந்து, நான் நினைத்ததைவிடத் தூரத்தில் போய் விழுந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை முங்கவிட்டு, மெதுவாக, பாதிச் சுண்டு ஒன்று, இன்னொன்று. விட்டார். நூல் தளர்ந்து, பிறகு தளராமல், ஓரமாக நகர்ந்தது.

"மாஸ்டர், நூலை லூஸ் விடாதீங்க, ஊசில முள் கெடையாது, கழண்டுக்கும்!" என்று கண்ணாடிக்காரர் தன் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

அது வந்தது. ஒரு சாண் நீளம், தண்ணீருக்குள் பழுப்பும் சிவப்புமாக நிறம் மாறி மாறி வந்தது. கல் மேல் தூக்கியதும் ஒரே பீச்சு. என் முந்தானை முழுக்க மை. என்ன சேலை என்றுகூட நான் பார்க்கவில்லை. அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கடம்பாவை வலது கையால் பிடித்திருந்தார். அது அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வழிந்தே விட்டது.

"சால்னா வாசனைக்கு வந்துச்சோ இன்னாவோ" என்றேன். "உன் லுங்கில எத்தினி சோப்பு போட்டாலும் அது போவாதே."

சாயங்காலம் கை வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். போதும், கொஞ்ச நாள் விடலாம் என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து பஸ்ஸுக்குப் போய் நின்றார். பங்குனி, சித்திரை முழுக்கப் போனார். கை சரியாக வர வர ஈயம் தேய்க்காத இறாலைக் கேட்க ஆரம்பித்தார். அலை பெரிதாக இருந்தால் கனமானது, தண்ணீர் தட்டையாக இருந்தால் லேசானது, கலங்கலுக்கு ராணி பிங்க் என்று பாக்ஸைத் திறந்து அவரே எடுத்தார். பல நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்த நாளில் தொக்கு. ரப்பர் பந்தைத் தெருப் பிள்ளைகள் எடுத்துப்போய்விட்டார்கள். பிசியோ பெண் கையை மடக்கிப் பார்த்து, "பந்து நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் ஈரத் துண்டு கேட்டார். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் மாவை வீணாக்காமல் ஈரத் துண்டை வீசித்தான் கற்றுக்கொள்வார்களாம். பின்கட்டில் நின்று துவைக்கிற கல்லில் அடித்து அடித்து வீசினார். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலேஜ் திறந்ததும் பொத்தேரிக்கு நானும் கூடப் போனேன். வராதே என்றார், வந்தேன். இவருக்குப் பதிலாக இருந்த மாஸ்டர் கல்லை விட்டு ஒதுங்கி இடம் கொடுத்தார். பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை நின்றார்கள். அவர் முதல் உருண்டையை எடுத்து, தட்டி, வீசினார். கிழிந்தது. கடையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, என்னையும் முதலாளியையும் தவிர. அவர் கிழிந்ததை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அது விரிந்தது. முன்பு மாதிரி கண்ணாடியாக இல்லை, ஒரு பக்கம் தடிமன்தான், ஆனால் விரிந்தது. அதைச் சுருட்டினார். அடுத்தது. அடுத்தது. கல்லில் புகை கிளம்பியது, பின்னால் நின்ற பையன் ஒருவன், "மாஸ்டர் வந்துட்டாருடா" என்றான்.

கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கடித்தார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து பக்கத்தில் போனேன்.

"போதும்யா. வூட்டுக்குப் போலாம். மிச்சத்த நாளிக்குப் பாத்துக்கலாம்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாடி நீ, இத்தினி கஸ்டமரு நின்னுகினு கீறாங்க, வழிய மறிச்சிக்கினு" என்றார். "போய்க் குந்து. உனக்கு ரெண்டு போட்டாறேன்."

நான் போய் உட்கார்ந்தேன்.